இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா?

வாசகர் கேள்வி:

கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 79. பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் மறுநாளே ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஐந்தாம் நாள் ராத்திரி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். எப்போதோ இறந்துபோன பெரியப்பாவைக் கூப்பிட்டார். "வயசானவங்க, இடம் மாறினா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள். ஏழாம் நாள் பிரஷர் இறங்கி ஐசியுவுக்கு மாற்றினார்கள். சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி, சாதாரண மருந்துக்கு அடங்காது என்றார்கள். பத்து நாள் ஊசி. அது முடிந்ததும் நான்கைந்து நாள் கடும் பேதி. யூரின் டியூபோடும் முதுகுக்குக் கீழே ஒரு புண்ணோடும்தான் வீட்டுக்கு வந்தார். இப்போது தெளிவாக இருக்கிறார். காய்ச்சல் இல்லை. ஆனால் போன வாரம் எடுத்த யூரின் கல்ச்சரில் மறுபடி அதே கிருமி. உடனே ஊசி போடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அடுத்த மாதம் பிராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்பாவை மறுபடி சேர்க்க வேண்டும். அவ்வளவு சுத்தமாக இருந்த மருத்துவமனையில் தொற்று எப்படி வந்தது? அது அவர்கள் தவறா? இந்தத் தடவை நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான். அவனுக்கு ஒட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இல்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது, வழக்கம்போலச் சாப்பிடுகிறார், அடிவயிற்றிலோ விலாவிலோ புதிதாக வலி இல்லை என்றால், கல்ச்சரில் கிருமி வந்தது என்பதற்காக மட்டும் ஊசி போட வேண்டியதில்லை. யூரின் டியூப் போட்டவர்களில் ஒவ்வொரு நாளும் 100க்கு 3 முதல் 7 பேர் வரை சிறுநீரில் கிருமி வந்து குடியேறுகிறது. ஒரு மாதம் டியூப் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே ரிப்போர்ட் பாசிட்டிவாகத்தான் வரும். கிருமி அங்கே இருக்கிறது என்பது வேறு, உடம்பைத் தாக்குகிறது என்பது வேறு. தாக்காத கிருமிக்கு மருந்து கொடுத்தால் அது முழுதாகச் சாகாது. டியூபின் உள்சுவரில் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கியிருக்கும். மருந்துக்கு அடங்கும் கிருமிகள் மட்டும் செத்து, அடங்காதவை மிஞ்சும். பிறகு நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் கையில் மருந்து இருக்காது. சிறுநீர் கலங்கலாக இருப்பதும், வாடை அடிப்பதும் தனியாக ஊசிக்குக் காரணம் ஆகா.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பிராஸ்டேட் ஆபரேஷனில் சிறுநீர்ப்பாதையின் உள்தோல் அறுபடும். அந்த நேரத்தில் அங்கிருக்கும் கிருமி நேராக ரத்தத்தில் ஏறிவிடலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பு கல்ச்சர் பார்த்து, அந்தக் கிருமிக்குப் பொருந்தும் மருந்தை ஆபரேஷனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது அவசியம். பெரும்பாலும் ஒன்றிரண்டு டோஸே போதும். இப்போது கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, யூராலஜி டாக்டரிடம் மறக்காமல் காட்டுங்கள். அடுத்த கல்ச்சருக்குச் சிறுநீரைப் பையிலிருந்து பிடித்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருக்கும் பழைய டியூபிலிருந்தும் எடுக்கக் கூடாது. டியூபை மாற்றி, புது டியூபில் வரும் சிறுநீரை எடுக்கச் சொல்லுங்கள். பழைய டியூபில் எடுத்தால் மூத்திரப்பையில் இருப்பது தெரியாது, டியூபில் ஒட்டியிருப்பதுதான் தெரியும்.

இனி, தொற்று எப்படி வந்தது என்ற கேள்வி. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும் தொற்றை, சேரும்போதே உடம்பில் மறைந்திருந்தால் ஒழிய, மருத்துவமனையில் வந்த தொற்று என்று கணக்கில் எடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது. கை சுத்தம் முதலான செலவு குறைந்த வழிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அதில் 70 சதவீதம் வரை தடுக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே "ஆஸ்பத்திரின்னா வரத்தான் செய்யும்" என்ற பதிலை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பளபளக்கும் டைல்ஸும் ஏசியும் பார்த்து ஒரு இடத்தைச் சுத்தம் என்று நினைக்கிறோம். கிளெப்சியெல்லா தரையிலிருந்து குதித்து ஏறுவதில்லை. அது மனிதக் குடலில் வாழும் கிருமி. பக்கத்துப் படுக்கைக்காரரின் சிறுநீர்ப் பையைத் தொட்ட கையில் ஏறி, அதே கை உங்கள் அப்பாவின் பையைத் திறக்கும்போது இறங்கும்.

காலை ஆறு மணிக்கு வார்டில் யூரின் பை காலி செய்வதை ஒரு நாள் நின்று பாருங்கள். ஒரே பிளாஸ்டிக் ஜக். முதல் படுக்கையில் பையின் அடிக்குழாயைத் திறக்கிறார்கள். குழாயின் முனை ஜக்கின் விளிம்பில் இடிக்கிறது. ஜக்கைக் கழிவறையில் கவிழ்த்து, அலசாமல், அதே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போகிறார்கள். அங்கேயும் முனை அதே விளிம்பில் இடிக்கிறது. ஆறு படுக்கை முடியும்போது ஆறு பைகளும் ஒன்றோடொன்று பேசிவிட்டன. இதைச் செய்யும் ஆயாம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முப்பது நோயாளிக்கு அவர் ஒருவர்தான் இருந்திருப்பார். அதனால் அவரைக் கோபித்துப் பயனில்லை. அப்பாவுக்கென்று ஒரு அளவு ஜக் நீங்களே வாங்கி, படுக்கை எண்ணை மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள். முனை ஜக்கில் படாமல் திறக்க வேண்டும், முடிந்ததும் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு காட்சி. ஸ்கேனுக்குப் போக ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். அந்த நிமிடமே பையில் கிடந்த பழைய சிறுநீர் டியூப் வழியாகத் திரும்ப மூத்திரப்பைக்குள் ஓடும். பையில் திரும்பி ஓடாத வால்வு இருந்தாலும் டியூபில் நிற்பது உள்ளேதான் போகும். இடம் மாற்றுவதற்கு முன்பு பையைக் காலி செய்யுங்கள். எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையில் மட்டும் படக் கூடாது. கட்டிலின் நகராத சட்டத்தில் மாட்ட வேண்டும், ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் அல்ல. டியூபும் பையும் சேரும் இடத்தை யாரும் கழற்றக் கூடாது. அந்த இணைப்பு பிரியாமல் இருப்பதுதான் இந்த அமைப்பின் மொத்தப் பாதுகாப்பும். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே 10 மில்லி தண்ணீர் ஊதிய பலூன் இருக்கிறது. குழப்பத்தில் இருக்கும் முதியவர் அதோடு டியூபை இழுத்தால் ரத்தம் கொட்டும்.

இதெல்லாம் டியூப் இருக்கும்வரை. ஆனால் நான் எழுத வந்த விஷயம் இதற்கும் முந்தியது. இடுப்பு ஆபரேஷனுக்குப் போடும் டியூபைப் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அப்பாவுக்கு ஏழாம் நாளும் அது ஏன் இருந்தது? பிராஸ்டேட் வீக்கத்தால் எடுத்துப் பார்த்து சிறுநீர் வராமல் மறுபடி போட்டிருந்தால் அது நியாயமான காரணம். மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்க்க வேண்டியிருந்தது என்றால் அதுவும் காரணம். "நடக்க முடியாது, அடிக்கடி படுக்கை நனையும், இருக்கட்டும்" என்றால் அது காரணமே அல்ல. டயப்பரோ, ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் குழாயோ, யூரின் கேனோ அதற்குப் போதும். நடைமுறையில் பல டியூப்கள் எந்தக் காரணமும் இல்லாமல், எடுக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வராததால் மட்டுமே உள்ளே கிடக்கின்றன. போர்வைக்கு அடியில் இருப்பது டாக்டர் கண்ணில் படுவதில்லை. எனவே ஒவ்வொரு நாள் காலையும் ஒரு கேள்வி: "சிஸ்டர், இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா? ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" இதில் யாரும் கோபப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் இதே கேள்விதான்.

கையில் குத்தியிருக்கும் ட்ரிப்ஸ் ஊசிக்கும் இது பொருந்தும். வாயால் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று விட்டு வைத்த ஊசி வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவதுண்டு. போட்ட தேதி பிளாஸ்டரின் மேல் எழுதியிருக்க வேண்டும். தினமும் அந்த இடத்தைப் பாருங்கள்: சிவப்பு, வலி, நரம்பு வழியே கயிறு போலக் கெட்டிப்பு, கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். மருந்து ஏற்றும் முன் அந்த மூடியை ஸ்பிரிட் பஞ்சால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காய விட வேண்டும். பஞ்சால் ஒரு தட்டு தட்டுவது தேய்த்த கணக்கில் வராது. ஐசியுவில் கழுத்தில் போடும் பெரிய குழாய்க்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐசியுக்கள், கை கழுவுதல், குழாய் போடும்போது அங்கி, கையுறை, முகக்கவசம், விரிப்பு என முழு மறைப்பு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவுதல், தொடையில் போடுவதைத் தவிர்த்தல், வேண்டாத குழாயை எடுத்தல் என்ற ஐந்தை மட்டும் விடாமல் செய்து இந்த ரத்தத் தொற்றை மூன்றே மாதத்தில் பெருமளவு குறைத்துக் காட்டின. 2006இல் வெளியான அந்த முடிவுக்குப் பின்னால் புது மருந்தோ புது இயந்திரமோ எதுவும் இல்லை.

இப்போது அந்த ஐந்தாம் நாள் ராத்திரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் பல சமயம் காய்ச்சல் முதலில் வராது. பலருக்கு வரவே வராது. எதிர்ப்புச் சக்தி மந்தமாக வேலை செய்வதால் உடம்பு சூடேறுவதில்லை. மூளை முதலில் தடுமாறலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால் அது வயது அல்ல, இடம் மாறியதும் அல்ல. வேறு காரணம் கண்டுபிடிக்கும்வரை அது ஒரு நோயின் அறிகுறி. சத்தம் போட்டு, டியூபைப் பிடுங்கி, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பவரை "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் இதே குழப்ப நோய்தான், ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டார் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. சேர்க்கும் நாளிலேயே ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சொன்னவர் இன்றைக்குப் பாதியில் தடம் மாறினால், கவனம் சிதறுகிறது என்று அர்த்தம். "வயசானவங்க இப்படித்தான்" என்று பதில் வந்தால் இப்படிக் கேளுங்கள்: "நேத்து இப்படி இல்லை டாக்டர். சோடியம், சுகர், ஆக்சிஜன், யூரின் அடைப்பு, தொற்று எல்லாம் பார்த்துட்டீங்களா?" நான் தொற்றை மட்டும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மலச்சிக்கல், தாங்க முடியாத வலி, தூக்க மருந்து, சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கூட இதே குழப்பத்தைக் கொண்டுவரும். குழப்பம் என்றதும் யூரினில் தொற்று என்று முத்திரை குத்தி ஊசி போடுவதும், நிஜக் காரணத்தைத் தவறவிடுவதும் அன்றாடம் நடக்கிறது. அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் பையில் பூட்டி வைக்காதீர்கள். அவை இல்லாமலேயே பலர் குழம்பிப்போகிறார்கள்.

காய்ச்சல் அளவையும் வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். முதியவருக்கு வாயில் வைத்துப் பார்த்து 100 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலும் அப்படியே. 97 வழக்கமாக உள்ளவருக்கு 99 என்பது சாதாரணம் அல்ல. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் நுரையீரல் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்; இருமல் இல்லாவிட்டாலும் சரி.

அப்பாவுக்குப் போன முறை நிமோனியா வரவில்லை. ஆனால் மறுபடி படுக்கப்போகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். மருத்துவமனையில் படுத்த இரண்டொரு நாளில் வாயில் வாழும் கிருமிகளின் கூட்டமே மாறிவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழலில் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இருமி வெளியேற்றப் பலம் இல்லாததால் அது நிமோனியா ஆகிறது. தடுப்பது பல் துலக்கும் பிரஷ். காலையும் இரவும் மென்மையான பிரஷால் பல், ஈறு, நாக்கு மூன்றையும் தேய்த்துவிடுங்கள். வாய் கொப்பளிக்க முடியாதவருக்கு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். செயற்கைப் பல் செட்டை ராத்திரி கழற்றிக் கழுவி வைத்துவிட வேண்டும். வார்டில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள், அவர்களுக்கு நேரமும் இல்லை. இது வீட்டாரின் வேலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. பார்க்க வரும் உறவினர் அன்பாக ஒரு டம்ளர் இளநீரைக் கொண்டுவந்து, படுத்திருப்பவரின் தலையை ஒரு கையால் தூக்கி வாயில் ஊற்றுவார். அதில் கொஞ்சம் நுரையீரலுக்குப் போய்விடலாம். சாப்பிடும்போது கூடியவரை நேராக உட்கார வைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். மற்ற நேரத்தில் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு ஸ்பூன் கூடக் கொடுக்க வேண்டாம். டாக்டர் அனுமதித்த முதல் நாளிலேயே நாற்காலியில் உட்கார வைப்பது நுரையீரலுக்கும், முதுகுத் தோலுக்கும், சிறுநீர் தானாகப் பிரிவதற்கும் சேர்த்து ஒரே மருந்து. வழக்கமாக எழுதிக் கொடுக்கும் பான்டாப்ரசோல் போன்ற அமில மாத்திரை நிஜமாக வேண்டுமா என்றும் கேளுங்கள். வயிற்று அமிலம் குறைந்தால் நுரையீரல் தொற்றுக்கும் பேதித் தொற்றுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு அது தேவைப்படலாம் என்பதால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பேதி. ஆன்டிபயாடிக் பத்து நாள் போனதும் குடலில் இருந்த நல்ல கிருமிகள் அழிந்து, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி தலையெடுப்பது 65 வயதுக்கு மேல் அடிக்கடி நடப்பது. உங்கள் அப்பாவுக்கு வந்தது அதுதானா என்பது மலப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ, எடுத்த சில வாரங்களிலோ ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லி, இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். கடையில் லோபெரமைடு வாங்கிக் கொடுத்துப் பேதியைக் கட்டிவிடக் கூடாது. இந்தக் கிருமியின் விதைகள் ஸ்பிரிட் கலந்த ஹேண்ட் ரப்புக்குச் சாகாது; சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. கழிவறையை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். அதை ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

மற்றபடி கைக்கு ஹேண்ட் ரப் போதும். 20 முதல் 30 வினாடி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் ஈரமாகி, தானே காயும்வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்குத் தெரிந்தால் சோப்பு, 40 முதல் 60 வினாடி. டாக்டரிடமோ சிஸ்டரிடமோ "கை கழுவினீங்களா" என்று கேட்க நமக்கு வாய் வராது. கட்டில் ஓரத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அவர்கள் வந்ததும் "இந்தாங்க டாக்டர்" என்று நீட்டுங்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். உங்களுக்கும் இது உண்டு, பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அடுத்த படுக்கைத் தாத்தாவை உதவிக்குத் தூக்கிவிட்டு அதே கையோடு அப்பாவிடம் வராதீர்கள். நம் வார்டுகளில் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வது நல்ல பழக்கம்; நடுவில் கை கழுவினால் போதும்.

முதுகுக்குக் கீழே இருக்கும் புண்ணைப் பற்றி: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவதை ஏர் பெட் இருந்தாலும் விடக் கூடாது. முழுதாகப் பக்கவாட்டில் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்க விடுங்கள். நம் நிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, சூடாக, கெட்டியாக இருந்தால் அங்கே புண் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது, நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். புண்ணைச் சலைன் தண்ணீரால் கழுவினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் சதையைக் கெடுக்கும்; மஞ்சளும் வேண்டாம். ஆறுவதற்குப் புரதம் வேண்டும். சிறுநீரகம் சரியாக இருந்தால் 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், வெறும் கஞ்சியில் புண் ஏன் ஆறவில்லை என்பது விளங்கும்.

பேரனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அந்தக் கிருமி அப்பாவின் குடலில் இன்னும் சில மாதம் இருக்கலாம். ஆனால் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்குத் தாத்தாவைக் கட்டிப்பிடிப்பதால் நோய் வராது. தட்டு டம்ளரைப் பிரித்து வைத்து அவரைத் தீண்டாதவர் போல ஆக்கிவிடாதீர்கள். பையைத் தொட்டவர், டயப்பர் மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்; பிள்ளை பையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; துணியைச் சோப்பில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்பவரோ கீமோ எடுப்பவரோ இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். மருத்துவமனையில் சேர்க்கும்போது "போன முறை இந்தக் கிருமி வந்தது" என்று முதல் நாளே சொல்லுங்கள். அப்பாவுக்கு மட்டும் அல்ல, பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அது நல்லது.

வீட்டில் டியூபைப் பார்த்துக்கொள்வதில் சிக்கல் ஒன்றும் இல்லை. தினமும் குளிக்கும்போது டியூப் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினால் போதும். களிம்பு, டெட்டால் வேண்டாம். பை பாதிக்கு மேல் நிறைந்ததும், குறைந்தது எட்டு மணிக்கு ஒருமுறையும் காலி செய்யுங்கள். டியூபில் மருந்துத் தண்ணீர் விட்டு அலசச் சொன்னால், அடைப்பு இருந்தால் ஒழிய, வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரண ரப்பர் டியூப் என்றால் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை தாங்கும். எது போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். நாலு மணி நேரம் பையில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, அப்பா அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அடிவயிறு உப்பி வலித்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மறுபடி பேச்சு குழறினாலோ நள்ளிரவு என்றாலும் 108தான். வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் வேண்டும் என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணக் கவனிப்பும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கும்.

தவறு யாருடையது என்று கேட்டீர்கள். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு; மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. டியூப் போட்ட தேதி, எடுத்துப் பார்த்த அல்லது மாற்றிய தேதி, ஏன் வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு, ஐந்தாம் நாள் ராத்திரி டியூட்டி டாக்டர் எழுதியது, கல்ச்சர் அனுப்பிய நேரம், முதல் டோஸ் மருந்து கொடுத்த நேரம். இந்த ஆறையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் பதில் உங்களுக்கே தெரியும். தங்கள் வார்டில் 1000 டியூப் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் டியூப் இருந்தால் அது ஒரு டியூப் நாள்) எத்தனை தொற்று என்று கணக்கு வைத்திருக்கும் மருத்துவமனை, நீங்கள் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லும். கணக்கே இல்லாத இடத்தில் அடுத்த ஆபரேஷனைச் செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள்.

அடுத்த மாதத்துக்கு முன்பு செய்ய வேண்டியவை: சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், ஆபரேஷன் நாளில் 200க்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ளூ ஊசியும் நிமோனியா தடுப்பூசியும் போடாவிட்டால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், அது சிறுநீரையும் அடைக்கும். சளி இருமலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் பல சிறுநீரை அடைத்துக் குழப்பத்தையும் கொண்டுவரும். முந்தின நாள் சோப்புப் போட்டுக் குளியல். முடி எடுக்க வேண்டும் என்றால் ரேசர் வேண்டாம், கிளிப்பர் போதும். ரேசர் கீறலில்தான் கிருமி நுழையும்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் டியூப் எடுக்கும் தேதியைக் கேட்டு, கட்டில் தலைமாட்டில் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் அது 1 முதல் 3 நாள். காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் சிறுநீர் போகாவிட்டால் பார்க்கப் பகலில் டாக்டர் இருப்பார். எடுத்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அவர் தானாகக் கழிக்க வேண்டும். முடிந்தால் நிற்க வைத்து அல்லது நாற்காலியில் உட்கார வைத்து முயலட்டும், படுத்தபடி பலருக்கு வராது. ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று அளந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். மாலை ரவுண்ட்ஸில் அந்தத் தாளைக் காட்டி, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.